தண்டவாளம் இல்லாத ஊரில் எட்டு நாள்

சென்ற பங்குனி மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாட்கள் வானையும் நீரையுமே பார்த்துக் கழித்த பின்னர், ஹாடோ துறையில் வந்து இறங்கினோம். இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எவரும் நமது அன்றைய மனநிலையை எளிதில் உணர்வர். நாடெங்கும் செல்லுபடியாகும் பாஸ், கடற்கரையைத் தொட்டவுடன் வெறுங் காகிதமாகிவிடுகிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு. இடையில் ஒரு நிலையமில்லை, ஒரு கைகாட்டியில்லை. இறங்கிய ஊரிலோ இரயில் என்பதே கிடையாது.

மின்னி பேயில் நம் மனைவியின் மூத்த தமையனார் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். இச்சங்கத்தின் பழைய உறுப்பினர். "ஒரு காரியம் இருக்கிறது, நேரில் வந்தால்தான் பேச முடியும்" என்று அவர் அழைத்ததன் பேரிலேயே புறப்பட்டோம். காரியம் இதுதான். அவருடைய மூத்த மகன் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தியை மணக்க விரும்புகிறான். பெண் வீட்டார், இங்கே யாவரும் 'லோக்கல் பார்ன்' என்று குறிப்பிடும் பழங்குடும்பத்தினர். அதாவது, தண்டனைக் கைதிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

"மாப்பிள்ளை, நீங்கள் நாலு பேரிடம் பழகுகிறவர். பையனுக்கு எடுத்துச் சொல்லி மனத்தைத் திருப்ப வேண்டும்" என்றார் மைத்துனர்.

"பெண் வீட்டாரிடம் குறை ஏதும் உண்டா, மச்சான்?" என்று வினவினோம்.

"குறையா! தங்கமான மனிதர்கள். ஆனால் எந்த ஊர், எந்த வம்சம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பத்திரிகையில் என்னவென்று அச்சடிப்பது?"

இதனை இப்பக்கங்களில் எழுதலாமா என்று பின்னர் அவரிடமே கேட்டோம். "எழுதுங்கள். சங்கத்தில் பாதி வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. பெயர் மட்டும் வேண்டாம்" என்று இசைவு தந்தார். பையனோ சிரித்துக்கொண்டே, "மாமா, முதலில் ஊரைப் பாருங்கள், பிறகு எனக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றான். அவனே வழிகாட்டியாகவும் அமைந்தான்.

ஊருக்குள் நுழையுமுன் வேறொரு நகரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டியிருக்கிறது. கப்பலில் பொழுது போக்குவதற்காக இரயில்பாதைகளின் வரலாறு கூறும் நூலொன்றை எடுத்துச் சென்றிருந்தோம். அதில் வட சீனத்து ஹார்பின் நகரம் பற்றிய பகுதி நம் மனத்தைப் பிணித்துவிட்டது. சுங்காரி ஆற்றங்கரையில் சிற்சில ஊர்களே இருந்த இடம் அது. உருசியப் பேரரசு, தன் சைபீரியப் பாதையை விளாதிவொஸ்தோக் துறைமுகத்திற்குக் குறுக்கு வழியில் கொண்டுசெல்ல விரும்பிச் சீன மண்ணின் ஊடே கீழைச் சீன இரயில்பாதையை அமைத்தது. 1898-ஆம் ஆண்டு அப்பாதையின் தலைமையிடமாகத் தோன்றியதே ஹார்பின். பொறியாளர், காவலர், கணக்கர், வணிகர் எனப் பலர் திரண்டனர். உருசியர் வந்தனர், யூதர் வந்தனர், போலந்து நாட்டாரும் வந்தனர். 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அகதிகளாகப் பல்லாயிரவர் வந்து குவிந்தனர். வெங்காய வடிவக் கோபுரம் கொண்ட புனித சோபியா தேவாலயம் 1907-இல் தொடங்கி, இன்று காணும் செங்கற் கட்டடமாக 1932-இல் முற்றுப்பெற்றது. கருங்கற்கள் பதித்த பெருவீதி, யூதர் தொழுகைக்கூடம், உருசிய ரொட்டிக் கடைகள் எல்லாம் அமைந்தன. உருசியர் ரொட்டிக்கு வழங்கும் சொல்லைத் தம் நாவுக்கு இசையத் திரித்து, அந்நகரச் சீனர் இன்றும் 'லியேபா' என்கின்றனராம்.

அந்த நகரத்திலிருந்து அதைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். 1932-இல் ஜப்பானியர் நகரைப் பிடித்தனர். 1935-இல் சோவியத் அரசு தன் பாதையையே விற்றுவிட்டது. உருசிய முறையில் அகலமாக இட்ட தண்டவாளங்களைப் பெயர்த்து ஜப்பானியர் நெருக்கி இட்டனர். (நம் மாவட்டத்தில் மீட்டர் பாதையை அகலப் பாதையாக்க எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதை நினைத்துப் பெருமூச்சு விட்டோம்.) 1950-களில் எஞ்சிய உருசியரும் யூதரும் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், சோவியத் நாடு எனப் பலவாறு பிரிந்தனர். தேவாலயம் இப்பொழுது காட்சிசாலை. பனிக்கட்டியில் அரண்மனை சமைக்கும் குளிர்கால விழாவைக் காணச் செல்வோர், உருசியர் இல்லாத உருசியக் கட்டடங்களைப் படமெடுத்துத் திரும்புகின்றனர்.

இந்தக் கதையை மனத்தில் சுமந்தபடியே போர்ட் பிளேர் நகரைச் சுற்றினோம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. சோழர் கடற்படையின் நினைவு அதில் இருக்கிறது என்பதால் தமிழர்க்கு உவப்பான பெயரே. இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு, அவன் வென்ற இடங்களுள் நக்கவாரத்தையும் கூறுகிறது. ஆயினும் பேருந்து நடத்துநர் முதல் மீன்காரர் வரை நாம் கேட்டவரெல்லாம் 'பிளேர்' என்றே கூறினர். நாமும் அவ்வாறே எழுதுகிறோம்.

முதலில் சாத்தம் தீவு. பாலம் வழியே எளிதில் சென்றடையலாம். ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடல் அளவையாளர் 1789-இல் முதற்குடியிருப்பை நிறுவியது இங்கேதான். மூன்றாண்டுகளில் அது வடக்கே மாற்றப்பட்டு, நோய் மிகுந்ததால் 1796-இல் கைவிடப்பட்டது. பின்னர் 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், 1858 மார்ச்சு 10-ஆம் நாள் இருநூறு கைதிகளுடன் மீண்டும் வந்தனர். அந்நாள் தொட்டே இவ்வூரின் இடையறாத வரலாறு தொடங்குகிறது. சாத்தத்திலுள்ள மர அறுவை ஆலை 1883-இல் ஏற்பட்டது. படாக் என்னும் செம்மரத்தின் வாசனை காற்றில் நின்றது. உலகப் போரில் விழுந்த குண்டு தோண்டிய பள்ளம் இன்றும் அவ்வாறே கிடக்கிறது.

பேருந்தில் செல்கையில் நிறுத்தங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தோம். இது நம் தொழிற்பழக்கம். ஹாடோ, அபர்டீன், பீனிக்ஸ் பே ஆகியவை வெள்ளையர் இட்டவை. அபர்டீன் ஸ்காத்லாந்தில் உள்ள நகரம். அந்தப் பெயரை இங்கே தேங்காய் விற்கும் கடைத்தெருவுக்கு வைத்துவிட்டார்கள். டாலிகஞ்சு, பிரேம் நகர், கோல்கர் ஆகியவை இந்துஸ்தானிப் பெயர்கள். பாத்துபஸ்தி, வட நாட்டிலிருந்து 1920-களில் குடியேற்றப்பட்ட பாந்து மக்களின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஊருக்கு அப்பால் சென்றால் மன்னார்காடு, வண்டூர், திரூர், கள்ளிக்கோட்டை என்று மலையாள நாடே வந்துவிடுகிறது. 1921-ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் இங்குக் கொணரப்பட்டவர்கள், தாம் இழந்த ஊர்களின் பெயர்களைத் தம் புதுக் குடிசைகளுக்கு இட்டுக்கொண்டனர். மின்னி பேக்கு அருகிலுள்ள ஜங்கிலி காட் என்பதற்குக் காட்டுவாசிகளின் துறை என்று பொருள்.

அப்பெயரைக் கேட்டதும் இம்மண்ணுக்கு உரியவர்களின் நினைவு வராமற் போகாது. பெரிய அந்தமானியர் என்னும் மக்கள் 1858-இல் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். 1859 மே மாதம் வில்லும் அம்பும் கொண்டு அபர்டீனில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர்கள் இவர்களே. துப்பாக்கி சிலரைக் கொன்றது. 1877-இல் பரவிய மணல்வாரி பலரைக் கொன்றது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் 625 பேர் எஞ்சினர். இன்று ஐம்பது பேர் அளவில் இருக்கின்றனர். 'போ' என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 சனவரியில் காலமானார். அத்துடன் அம்மொழியும் போயிற்று. கலப்புப் பண்பாடு என்று இவ்வூரைப் போற்றுவோர், அந்தக் கலப்பு எவருடைய இடத்தில் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

மறுநாள் ராஸ் தீவு. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆங்கில அதிகாரிகள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அரசோச்சிய தலைமையிடம். தேவாலயம், நடனக்கூடம், ரொட்டிச் சாலை, நீச்சற்குளம் யாவும் இருந்தன. 1941 சூன் மாதத்து நிலநடுக்கம் பலவற்றை அசைத்தது. மறுவருடம் ஜப்பானியர் வந்தனர். போருக்குப் பின் எவரும் திரும்பிக் குடியேறவில்லை. இன்று ஆலமரங்களும் அத்திமரங்களும் சுவர்களைத் தழுவிக்கொண்டு, செங்கல் எது வேர் எது என்று அறிய முடியாதபடி நிற்கின்றன. மான்கள் நம்மைக் கண்டு அஞ்சவுமில்லை. ஹார்பினில் கட்டடம் நின்றது, ஆள் போய்விட்டார்கள் என்று படித்தோமல்லவா? இங்கே கட்டடம் விழுந்துவிட்டது. எதிர்க்கரையில் மனிதர்கள் நிற்கிறார்கள். அங்குள்ளோர் கோபுரத்தைக் காட்டலாம். பிளேர் நகரத்தார் எதைக் காட்டுவது?

வந்தவர்க்கெல்லாம் செல்லுலார் சிறையைக் காட்டுகின்றனர். காட்டத்தான் வேண்டும். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அந்தச் சிறையில் ஏழு கிளைகளும் 693 தனியறைகளும் இருந்தன. செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. ஒரு கிளையின் அறைவாயில் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால், ஒரு கைதி மற்றொருவன் முகத்தைக் காண வழியில்லை. மூன்று கிளைகளே எஞ்சியுள்ளன. மற்றவை நின்ற இடத்தில் மருத்துவமனை இருக்கிறது. ஒரே கட்டடத்தில் எண்ணெய்ச் செக்கில் மாடுபோல் மனிதர் பூட்டப்பட்டதையும், அதன் பக்கத்தில் குழந்தைகள் பிறப்பதையும் ஒரே நாளில் நினைத்துப் பார்த்தோம். அதற்குமேல் சிறையைப் பற்றி எழுதவில்லை. வாசகர்கள் யாவரும் கண்டிருப்பர்.

வழியில் ஓரிடத்தில் பையன், "மாமா, இது ஷாதிபூர்" என்றான். ஷாதி என்பது திருமணம். சிறையில் குறிப்பிட்ட காலம் நன்னடத்தையுடன் கழித்த கைதிகளுக்கு நிலமும் உழைத்துண்ணும் உரிமையும் அளித்தனர். அவர்களுள் மணம் செய்ய விரும்புவோர், சவுத் பாயின்டிலிருந்த பெண்கள் சிறைக் கைதிகளுள் ஒருத்தியை, அவள் சம்மதத்துடனும் அதிகாரிகளின் அனுமதியுடனும் மணக்கலாம். வங்கத்தான் ஒருவனுக்குப் பஞ்சாபிப் பெண். அவத்து நாட்டானுக்கு மராட்டியப் பெண். சாதியும் மொழியும் பார்ப்பதற்கு அங்கே மாமனும் இல்லை, அத்தையும் இல்லை. கணவனுக்கு மனைவியின் மொழி தெரியாது. ஆகவே இருவருக்கும் பொதுவாக உடைந்த இந்துஸ்தானியில் பேசினர். அவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழி ஆயிற்று. 1945-இல் தண்டனைக் குடியிருப்பு முறையே ஒழிந்தது. தாய்நாடு திரும்பலாம் என்ற போதும், இங்கே பிறந்தவர்களுக்குத் திரும்புவதற்கு வேறு நாடு ஏது?

அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் பலர். சோட்டா நாகபுரியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்களை இன்றும் 'ராஞ்சி'க்காரர் என்றே அழைக்கின்றனர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர்ப் பக்கம் குடியேறினர். பாகிஸ்தான் பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்க அகதிகளுக்கு நிலம் வழங்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்த நம்மவர் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் அத்தீவு பட்டபாட்டை இங்கு விரிக்க மனமில்லை. இராமநாதபுரத்திலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைக்க வந்தோரோ கணக்கிலர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்குப் பதினைவர் தமிழ் பேசுவோர்.

நாம் கண்ட இடங்களுள் சீக்கியர் குருத்துவாரா ஒன்று மனத்தை விட்டு அகலாதது. திவான்சிங் என்னும் மருத்துவர் பெயரால் அது விளங்குகிறது. பஞ்சாபி மொழியில் கவி பாடியவர். சாதிமத வேறுபாடின்றி யாவருக்கும் மருந்து கொடுத்தவர். 1942 மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியர் இத்தீவைக் கைப்பற்றினர். அவர்களுக்கு அவர் பணியவில்லை. செல்லுலார் சிறையில் வதைக்கப்பட்டு 1944 சனவரியில் உயிர் நீத்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்பிரிகஞ்சில் 44 பேர் சுடப்பட்டனர். ஹார்பினை ஆண்டதும் இதே ஜப்பானியப் படைதானே என்று எண்ணினோம். இதற்கிடையே 1943 டிசம்பர் 30-ஆம் நாள் நேதாஜி இங்கே மூவர்ணக் கொடியை ஏற்றினார். அவர் இத்தீவுகளின் ஆட்சிப் பொறுப்புக்கு நியமித்த லோகநாதன் ஒரு தமிழர், மருத்துவர். ஆளுநர் என்று பெயரளவில் இருந்தாரேயன்றி, கல்வித்துறை தவிர வேறெதையும் ஜப்பானியர் அவர் கையில் விடவில்லை. அவர் பட்ட சங்கடத்தைத் தமிழில் எவரேனும் விரிவாக எழுதினால் நலம்.

பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோவிலுக்குச் சென்றோம். காவடிகள் கடைத்தெரு வழியே வந்தன. நீர்மோர் வார்த்தவர்களில் தெலுங்கரும் வங்காளியரும் இருந்தனர். நம் முன்னே காவடி சுமந்து சென்ற இளைஞன் 'அரோகரா' என்றதில் ரகரம் சற்றே பிறழ்ந்தது. விசாரித்ததில், அவன் தாய் மட்டுமே தமிழச்சி என்றார்கள். மைத்துனர் அவனைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ஆறாம் நாள் பெண் வீட்டிற்குச் சென்றோம். இங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கடிகாரம் கல்கத்தாவுக்கும் அப்பாலுள்ள வானத்தை மதியாமல் ஓடுகிறது. மரத்தால் ஆன பழைய வீடு. சப்பாத்தியும் தேங்காய்ப்பால் சேர்த்த மீன்குழம்பும் பரிமாறினார்கள்; பஞ்சாபும் மலையாளமும் ஒரே தட்டில் இருப்பது அவர்களுக்கு வியப்பாகத் தோன்றவில்லை. பெண்ணின் பாட்டனார் எண்பதைக் கடந்தவர். ஜப்பானியர் காலத்தில் கைக்குழந்தை. இந்துஸ்தானியில் பேசினார், பையன் தமிழாக்கினான்.

மைத்துனர் தம் கேள்வியைக் கேட்டே விட்டார்: "உங்கள் பூர்விகம் எது, பெரியவரே?"

முதியவர் கோபிக்கவில்லை. "என் தந்தையின் தகப்பனார் பஞ்சாப். அவருக்கு வாய்த்தவள் வங்காளி. என் தாயின் தகப்பனார் அவத்து நாடு. அவர் மனைவி மதராசு" என்று விரல் மடக்கினார்.

மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மதராசில் எங்கே?"

"பதிவேட்டில் மதராசு என்று மட்டும் இருந்ததாம். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, யாருக்குத் தெரியும்? அரிசி குத்தும்போது ஏதோ பாடுவாளாம். கேட்டுப் புரிந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை. என்ன குற்றத்திற்காக வந்தாள் என்பதையும் சொல்லவில்லை. நாங்களும் கேட்டதில்லை."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நம் பாட்டியின் பாட்டி எந்த ஊர் என்று நமக்கு நாமே கேட்டுப் பார்த்தோம். விடை கிடைக்கவில்லை. ஊர் தெரியும் என்னும் செருக்கு நமக்கும் இரண்டு தலைமுறைக்கு மேல் செல்வதில்லை.

வீடு திரும்பும் வழியில் மைத்துனர், "பையனிடம் பேசினீர்களா?" என்று கேட்டார். பேசவில்லை என்றோம். பேசப்போவதும் இல்லை என்றோம். அவருக்கு வருத்தமே. மின்னி பேயில் வளைகுடாவின் நீர் வற்றிச் சேறு தெரிந்தது. அதைப் பார்த்தபடி திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவருடைய அச்சம் பொய்யன்று. பேரக்குழந்தைகள் தமிழ் படிப்பார்களா, சொந்த ஊர்க் கோவிற் கொடைக்கு வருவார்களா, தமக்குப் பின் இந்த வீட்டில் எம்மொழி ஒலிக்கும் என்பவை யாவும் அவர் நெஞ்சில் இருந்தன. அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. தமிழ்ப் பெண்ணையே மணந்து, தமிழே அறியாத பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளைச் சென்னையிலேயே கண்டிருக்கிறோம் என்று மட்டும் கூறினோம். உள்ளேயிருந்து அவர் மகன், அலைபேசியில் அப்பெண்ணுக்கு 'ழ' உச்சரிக்கக் கற்றுத் தரும் குரல் கேட்டது. வெற்றி கிட்டியதாகத் தெரியவில்லை.

கப்பலேறும் நாளன்று காலையில் மைத்துனர் ஒரு தாளை நீட்டினார். திருமணப் பத்திரிகையின் நகல். தமிழிலும் இந்தியிலும் ஒருங்கே எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பகுதியில் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரின் பெயர் இருந்தது. பெண் வீட்டார் பகுதியில் ஊர்ப்பெயருக்கு இடம் விட்டிருந்தார்.

"பெரியவரைத் தொலைபேசியில் கேட்டேன், மாப்பிள்ளை. எந்த ஊர் என்று போடட்டும் என்றேன்."

"என்ன சொன்னார்?"

"ஷாதிபூர் என்று போடச் சொன்னார்" என்று கூறி, பேனாவைத் திறந்தார்.